தூங்காத பெட்டி

அந்தப் பழைய சர்வர் கம்ப்யூட்டருக்குப் பஞ்சாயத்து பண்ணிப் பண்ணியே அலுத்துவிட்டது. அதில் குடியிருந்த மென்பொருள்கள், "என் ஃபைலை அவன் மாத்திட்டான்" என்று ஓயாமல் சண்டை போடும். பொறுக்கமாட்டாமல் இன்ஜினியர் கோமளவல்லி கன்டெய்னர் ஏற்பாட்டை நிறுவினாள். இனி ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டியதை ஒரு பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து, அதற்குள்ளேயே இருந்துகொள்ளும்.

முதல் பெட்டி வந்து இறங்கியது. "அண்ணே, உப்பு புளி வரைக்கும் கொண்டு வந்திருக்கேன். யார் தயவும் எனக்கு வேண்டாம்" என்றது.

"ரொம்ப சந்தோஷம்ப்பா" என்றது சர்வர். அதன் மெமரியில் பாதி அதற்குள் பெட்டிக்குப் போயிருந்தது. மூச்சு வாங்கியது.

மதியம் கோமளவல்லி சர்வரை ரீஸ்டார்ட் செய்தாள்.

"கொஞ்சம் கண்ணை மூடறேன்ப்பா."

"நிம்மதியாத் தூங்குங்கண்ணே. நீங்க இல்லாட்டி எனக்கென்ன, நான் பாட்டுக்கு..."

விசிறி நின்றது. விளக்கு அணைந்தது. பெட்டியின் பேச்சும் பாதியிலேயே நின்றது.

சர்வர்தான் முதலில் விழித்தது. முக்கி முனகி எழுந்து, விசிறியைச் சுழலவிட்டு, மற்ற வேலைகளையெல்லாம் ஒழுங்குபண்ணிவிட்டு, கடைசியில் பெட்டியைத் தட்டி எழுப்பியது.

"பார்த்தீங்களாண்ணே" என்றது பெட்டி உற்சாகமாக. "நீங்க தூங்கின நேரமெல்லாம் நான் ஒரு பொட்டுகூடக் கண்ணை மூடலை!"

சர்வர் ஏதோ சொல்ல வாயெடுத்தது. இதற்கும் ஒரு பஞ்சாயத்தா என்று தோன்றியது.

"ஆமாப்பா" என்றது. "நீ முழிச்சிருக்கிற தைரியத்துலதான் நான் தூங்கினேன்."