கை படாத மிளகு

"இருபது பேர் ஒரு நாள் முழுக்கக் கல் பொறுக்கற மிளகை இந்த மிஷின் ஒரு மணி நேரத்துல சுத்தம் பண்ணிடும், சீனியம்மா. இனிமே உங்களுக்குக் கழுத்து வலியே கிடையாது."

வெங்கிட்டு இப்படிச் சொன்னதும் முறத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள் சீனியம்மாள்.

"வேலை?"

"அதுவும் கிடையாது." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டான். "முன்னேற்றம்னா அப்படித்தான். நாலு பேருக்குக் கஷ்டம், நாட்டுக்கு நல்லது."

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அந்த மிளகுக் கிடங்குக்கு அவன் அப்பா பிச்சுமணிதான் மேனேஜர். எஞ்சினீயருக்குப் பெண் கொடுக்க கியூ நின்ற எண்பத்திரண்டாம் வருஷம். அப்பாவின் தயவில், கடைசி வருஷப் பிராஜெக்டைக் கிடங்கின் பின்கட்டிலேயே செய்துகொண்டிருந்தான் பையன். ஒரு மோட்டார், ஒரு காற்றாடி, குலுங்குகிற சல்லடைகள். பிராஜெக்டில் இன்னும் மூன்று பேர் உண்டு. தங்கள் பங்குக்கு மிஷினுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மிளகு பொறுக்கும் பெண்கள் எல்லோரும் ராமநாதபுரத்துப் பக்கம். சீனியம்மாள் சொன்னால் சொன்னதுதான் அவர்களுக்கு.

ஸ்விட்சைப் போட்டான். தூசி பறந்தது. பெரிய கல் மேல் சல்லடையில் நின்றது. பொடிக் கல் அடியில் உதிர்ந்தது. மிளகளவு இருந்த கல் மட்டும் மிளகோடு மிளகாக, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நிதானமாக வெளியே வந்தது.

பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

வெங்கிட்டு நேரே அப்பாவிடம் போனான்.

"அப்பா, அவா கண்ணு போட்டே என் மிஷின் வீணாப் போறது. பரீட்சைக்குக் கொண்டுபோற சாக்குப் பக்கத்துல ஒருத்தியும் வரப்படாதுன்னு சொல்லிடுங்கோ."

"சொல்லலாம்டா. ஆனா சாக்கை அவாதானே கட்டணும்? நானா கட்டுவேன்?" என்றார் பிச்சுமணி.

மூன்று நாள் திருகினான், தட்டினான், சாய்த்துப் பார்த்தான். கல் அவனை மதிக்கவில்லை. கடைசியில், ரிப்போர்ட்டில் மட்டும் 'நூற்றுக்கு நூறு சுத்தம்' என்று டைப் அடித்து, பைண்டு பண்ணி, அட்டையில் தங்க எழுத்தில் பேரும் போட்டுக்கொண்டான்.

பரீட்சை அன்று மிஷினும் மிளகுச் சாக்கும் வள்ளத்தில் ஏறி, காயலைத் தாண்டி எறணாகுளம் போய், அங்கிருந்து கைவண்டியில் காலேஜ் சேர்ந்தன. வழி முழுக்க வெங்கிட்டு குருவாயூரப்பனுக்கு வேண்டுதல்களை ஏற்றிக்கொண்டே போனான்.

வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"ம், ஓடட்டும்."

ஓடியது. மேல் தட்டில் பெரிய கல் ஒரு கைப்பிடி. அடித் தட்டில் பொடிக் கல் ஒரு கைப்பிடி. நடுவில் வந்து விழுந்த மிளகை அள்ளி வெள்ளைத் தாளில் பரப்பினார் எக்ஸாமினர். விரலால் தள்ளித் தள்ளித் தேடினார்.

வெங்கிட்டு கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒரு கல்கூட இல்லையே!"

திறந்தான்.

"கொள்ளாம், கொள்ளாம்! பிரமாதம்! மனுஷக் கை படாத மிளகுன்னா இதுதான். எழுத்தறிவில்லாத ஜனங்களை நம்பி இன்னும் எத்தனை காலம் வியாபாரம் பண்றது? நாட்டுக்கு உன்னை மாதிரிப் பையன்கள்தான் வேணும்."

"ஆமா சார்," என்றான் வெங்கிட்டு அடக்கமாக.

காலேஜிலேயே முதல் மார்க். மிஷினை ஸ்டோர் ரூமுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே போன வருஷத்து முதல் மார்க், ஒரு தேங்காய் உரிக்கும் மிஷின், துருப்பிடித்துக் கிடந்தது.

ரிசல்ட் வந்ததும் லட்டு டப்பாவோடு கிடங்குக்கு வந்தான் வெங்கிட்டு.

"சீனியம்மா, பம்பாயில வேலை கிடைச்சாச்சு! ஞாயித்துக்கிழமை வண்டி. அன்னிக்கு மிஷின் ஒரு கல்லைக்கூட விடலை, கேட்டேளா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாயம்மாளுக்கு லட்டு புரையேறியது.

"என்ன சிரிப்பு?" என்றான்.

"சாமிகிட்டச் சொல்லிப்புடுக்கா," என்றாள் மாயம்மாள் சீனியம்மாளிடம்.

சீனியம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"பெரிய கல்லும் பொடிக் கல்லும் மிஷினுக்கு அகப்படுது. மிளகுத் தண்டி கல்லுதான் அதுக்குத் தெரியலை. அதான், அதை மட்டும் நாங்க இருவது பேரும் உக்காந்து பொறுக்கிட்டு, மத்த கல்லை அப்படியே விட்டுச் சாக்கைக் கட்டுனோம்."

டப்பா கையிலேயே நின்றது. வெங்கிட்டு அதைக் கீழே வைத்தான்.

"உங்க சோத்துல மண்ணைப் போடற மிஷினைன்னா நான் பண்ணினேன்! எனக்காகவா இத்தனை பாடு பட்டேள்? இந்த மனசு யாருக்கு வரும், சீனியம்மா?"

காலைத் தொடவே குனிந்துவிட்டான். அவள் பதறிப் பின்னால் நகர்ந்தாள்.

"அட, மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல சாமி. பாஸாயிட்டா வேலைக்குன்னு பம்பாய், டில்லின்னு போயிருவீக. பெயிலாப் போனா, இங்கேயே உக்காந்து மிஷினைச் சரி பண்ணிப்புடுவீகளே!"