பானெட்டில் விழுந்த கீறல்

“பக்கிரி, இந்தக் கீறலெல்லாம் எப்படிலா வந்துச்சு?”

காரின் பானெட் மேல் விரலை ஓட்டியபடி கேட்டார் முதலாளி ஹபீப் முகம்மது.

டிரைவர் பக்கிரிசாமிக்குத் திக்கென்றது. “காக்கா உக்காந்திருக்கும் முதலாளி. நகம் பட்டிருக்கும்...”

“எல்லாக் காக்காவும் ஒரே இடத்துலயா உக்காருது?”

மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அவர் உள்ளே போய்விட்டார். அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அது 1935. டத்தோ கிராமாட் வட்டாரத்தில் கார் வைத்திருந்த தமிழர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பக்கிரிசாமி கார் கழுவுவதை வேடிக்கை பார்க்கவே தெரு கூடும். என்ன அருமையான காலம் அது! வண்டியை நிழலில் நிறுத்துவான். மேலிருந்து தண்ணீர் ஊற்றிப் புழுதியை ஊற வைப்பான். அப்புறம்தான் கை வைப்பான். கடைசியில் வண்டி துடைக்கும் மெல்லிய தோலை நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல் ஒற்றி எடுப்பான். வண்டியில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

“காய்ஞ்ச துணியால காடியத் துடைச்சா புழுதி கீறிடும், அப்படித் துடைக்கிறவன் டிரைவரே இல்லலா!” என்று மற்ற டிரைவர்களுக்குப் பாடம் வேறு நடத்துவான்.

அவனே வருஷத்துக்கு ஒரு நாள் காய்ந்த துண்டால் துடைப்பது யாருக்கும் தெரியாது.

அது ஆயுத பூஜை நாள். முதலாளி விடியலில் சுபுஹு தொழப் பள்ளிவாசலுக்கு நடந்து போவார். அவர் திரும்புவதற்குள் பானெட்டில் சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டி, அவசர அவசரமாகத் துடைத்துவிடுவான். தண்ணீர் ஊற்றினால் சத்தத்தில் வீடே விழித்துக்கொள்ளும்.

சோறு போடும் வண்டிக்கு ஒரு பொட்டு வைக்காமல் இருக்க மனசு கேட்கவில்லை. முஸ்லிம் வீட்டு வண்டிக்கு வைக்கட்டுமா என்று கேட்கவும் நாக்கு எழவில்லை. வேலை போனால் பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

முதலாளி கீறலைக் கேட்ட மறுநாள்தான் ஆயுத பூஜை. இந்த வருஷம் வேண்டாம் என்று மனசை அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. முதலாளி தெருக்கோடி திரும்பியதும் சந்தனத்தைக் குழைத்துவிட்டான். பொட்டு வைத்தான். சூடம் காட்டினான். துண்டை எடுத்தான்.

“துடைக்காதே!”

பின்னால் முதலாளி நின்றிருந்தார்.

பக்கிரிசாமியின் கையிலிருந்து துண்டு நழுவியது. “மன்னிச்சிடுங்க முதலாளி. வேலைய மட்டும்...”

“பொட்டு சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் உன் வழக்கப்படி தண்ணி ஊத்திக் கழுவு. இதைச் சொல்லத்தான்லா சீக்கிரம் வந்தேன்.”

“முதலாளி, உங்களுக்கு... தெரியுமா?”

“ஒம்பது வருஷமா இந்த ஒரு நாள் மட்டும், தொழுது முடிச்சும் வீட்டுக்கு வராம பள்ளிவாசல்லயே உக்காந்திருக்கேனே, யாருக்காகன்னு நெனச்சே?”