போனா போவுது

“செவ்வந்தி கூட வந்தவங்க யாரு?”

ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பாதி திறந்து நர்ஸ் கேட்டதும், அம்மா எனக்கு முன்னால் எழுந்து ஓடினாள். காலையில் முட்டி வலிக்கிறது என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கியவள்.

செவ்வந்தி என் சின்னம்மா. அம்மாவின் தங்கை. கல்யாணமே கட்டிக்கொள்ளவில்லை. எனக்கு ஒரு தும்மல் வந்தால் எங்கள் மலையூர் புதூர்நாடு முழுக்கச் சேதி சொல்லிவிடுவாள். அக்காளும் தங்கையும் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய், கைக்குழந்தையான என்னோடு மலைக்குத் திரும்பியவர்கள்.

மூன்று மாதமாக அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருக்கிறது, இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, விட்டால் ஆகிவிடும், எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா.

அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தால் போதும், சின்னம்மா என்னை டீ குடிக்க அனுப்பிவிடுவாள். மூன்று தடவை போய் மூன்று டீ குடித்தேன். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

எடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று ஒரே பிடிவாதம். புத்தி சொல்ல வேண்டிய அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. பயம்தான், வேறென்ன. சின்னம்மா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“ஒரு நாளும் ஒதவாத பை. போனா போவுது, வுடு சின்னம்மா. நீ இருந்தா போதும் எனக்கு.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே என் காதைத் திருகினாள். மறுநாளே கையெழுத்துப் போட்டாள்.

எப்படி வழிக்குக் கொண்டுவந்தேன் பார் என்று இன்று மலை இறங்கும் வரை அம்மாவிடம் பீற்றிக்கொண்டே வந்தேன். அம்மா வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நர்ஸ் ஒரு டிரேயோடு திரும்பி வந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, எடுத்ததை வீட்டு ஆட்களுக்குக் காட்டிவிட்டுத்தான் பரிசோதனைக்கு அனுப்புவோம் என்றார். தம்பிக்குக் கட்டாயம் காட்டச் சொல்லிவிட்டுத்தான் அவங்க உள்ளேயே வந்தாங்க என்றும் சொன்னார்.

கொய்யாப்பழம் அளவு இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிரேயைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“இன்னாமா, கோயிலா இது?” என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

“நீயும் செருப்பக் கழட்டுடா. பத்து மாசம் நீ இருந்த வூடு.”