பல்லால் கிழித்த உறை

சொல்வதில் முன்பின் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் அந்த அறையின் கதவு பச்சையா, நீலமா என்பதே ஒயர்மேனுக்கு இப்போது சரியாக ஞாபகம் இல்லை. உள்ளே இருந்த அக்கா தண்ணீர் கொடுத்தது ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்வதற்கு முன்னாலா, சொன்ன பிறகா என்பதும் அப்படித்தான்.

வெளியே பெஞ்சில் பெயிண்டர் உட்கார்ந்திருந்தான் என்பது மட்டும் நிச்சயம்.

இருவருக்கும் ஒரே கட்டடத்தில் வேலை. ஒரே அறையில் தங்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிச்சல் வந்து, இருவரும் சேர்ந்தே போய்த் திரும்பிய இடமும் ஒன்றுதான்.

அதற்கு முந்தின வாரம்தான் சுகாதாரத் துறை ஆட்கள் வேலை நடக்கும் இடத்துக்கே வந்திருந்தார்கள். எச்.ஐ.வி. எப்படித் தொற்றும், எப்படித் தொற்றாது என்று விளக்கிவிட்டு, ஆளுக்கு ஒரு கை நிறைய ஆணுறைகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பையன்கள் அத்தனையையும் ஊதிச் சாரத்தில் கட்டினார்கள். அன்று முழுக்க மேஸ்திரியின் தலைக்கு மேல் பலூன்கள் ஆடிக்கொண்டிருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை கையில் ஒன்றுகூட மிச்சமில்லை.

பிறகு பயம் வந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று சில மாதங்கள் தள்ளிப் போட்டார்கள். ஒருவன் தூக்கம் வராமல் புரள்வது மற்றவனுக்குத் தெரியும். இரண்டு பேரும் தெரியாத மாதிரி இருந்தார்கள்.

கடைசியில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, காலையில் ரத்தம் கொடுத்தார்கள். மதியம் முடிவைச் சொல்லத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள்.

“நீ முதல்ல போடா. உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் நான் உள்ள வருவேன். சரியில்லன்னா அப்படியே பஸ் ஏறிடுவேன்” என்றான் பெயிண்டர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பஸ்ஸுக்குச் சில்லறையைக் கையிலேயே பிடித்திருந்தான்.

உள்ளே ஆலோசனை சொல்கிற அம்மாள் இருந்தார். அங்கே எல்லோருக்கும் அவர் அக்கா. சுற்றி வளைக்காமல் முடிவைச் சொன்னார்.

கேட்டதும் ஒயர்மேன் எழுந்துவிட்டான். கால்கள் தாமாக எழுந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

“உக்காருங்க தம்பி. என் ரூம்ல எல்லாருக்கும் ஒரே நேரம்தான்.”

முடிவு எதுவானாலும் சரி, யாரையும் சீக்கிரம் அனுப்ப மாட்டாராம், கூடுதலாகவும் வைத்துக்கொள்ள மாட்டாராம். இவன் உடனே வந்துவிட்டான், அவன் வரவே இல்லை என்று பெஞ்சில் இருப்பவர்கள் கணக்குப் போடுவார்கள் என்றார். அதனால் எல்லோருக்கும் அதே பாடம், அதே அளவு பேச்சு.

அவர் பேசினார். பாதி காதில் விழுந்தது.

பேச்சை நிறுத்திவிட்டு, அவன் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தார். மின்விசிறி தட்டித் தட்டிச் சுற்றியது. பேரிங் தேய்ந்திருக்கும் என்று மனம் தன்பாட்டுக்கு நினைத்துக்கொண்டது.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து மரத்தில் செய்த ஆணுறுப்பு மாதிரி ஒன்றையும் ஒரு ஆணுறைப் பாக்கெட்டையும் எடுத்து முன்னால் வைத்தார். போட்டுக் காட்டச் சொன்னார்.

அவன் பாக்கெட்டைக் கையில் எடுத்தான். ஓரத்தைத் தேடினான். யோசிக்காமல் வாயில் வைத்துக் கடித்து இழுத்தான்.

நாள் முழுக்க ஒயர் தோலை அப்படி உரித்துப் பழகிய பல். பாக்கெட்டோடு உள்ளே இருந்ததும் பாதியாகக் கிழிந்து வந்தது. வழவழப்பு உதட்டில் ஒட்டி, முகம் அஷ்டகோணலாகப் போயிற்று.

அக்கா அவன் சட்டைப் பையில் செருகியிருந்த டெஸ்டரைப் பார்த்தார். “தம்பி, இது ஒயர் இல்ல. கடிச்சு உரிச்சா கரண்டு வராது, வேற ஏதாவதுதான் வரும்.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத இடத்தில் வந்த சிரிப்பு. அடக்கப் பார்க்க, அது மூக்கு வழியாக வந்தது. அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

இன்னொரு பாக்கெட் கொடுத்தார். தேதியைப் பார்க்க வேண்டும், விரலால் கிழிக்க வேண்டும், நுனியில் காற்று நிற்காமல் பிடித்துக்கொண்டு உருட்ட வேண்டும். இந்தத் தடவை சரியாகச் செய்தான்.

வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு முழுதாக அடங்கியிருக்கவில்லை. பெயிண்டர் அதைப் பார்த்தான். இத்தனை மாதமாக அடைத்து வைத்திருந்த மூச்சு ஒன்று அவனிடமிருந்து வெளியேறியது. சில்லறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கூப்பிடும் முன்னால் கதவைத் தள்ளி உள்ளே போனான்.

ஒயர்மேன் பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். யாருக்கும் எதுவும் பிடிபடவில்லை. உள்ளே பெயிண்டருக்கும் அதே அளவு நேரம் ஆயிற்று.

அந்த மூடிய கதவைப் பார்த்துக் கும்பிட வேண்டும்போல் அவனுக்கு இருந்தது. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் ஒருவன் கதவைக் கும்பிட்டால் நன்றாக இருக்காது என்று கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

பெயிண்டருக்குத் தொற்று இல்லை. இப்போது சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்கிறான். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் ஆணுறையைப் பற்றி வெட்கப்படாமல் பேசுகிறான். ஒயர்மேனுக்கும் அன்று நல்ல முடிவுதான் வந்தது என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான். அக்கா வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போனார். போவதற்கு முன், ஒயர்மேன் தான் கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவளை அவரிடம் அழைத்துப் போயிருந்தான். அவளுக்குத் தொற்றவில்லை. பிறகு பிறந்த மகளுக்கும் இல்லை. அவன் தினமும் தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறான்.