கைப்பழக்கம்

கள்ளிவேலி ஓரம் பூங்காவனம் அரைமணி நேரமாகக் கையை நீட்டியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனிக்கு ஒரு சாண் மேலே, கிளையில் ஒரு பச்சோந்தி. அதன் ஒரு கண் அவளைப் பார்த்தது. இன்னொரு கண் அவள் உள்ளங்கையிலிருந்த வெட்டுக்கிளியைப் பார்த்தது.

"பச்சோந்திகிட்ட என்ன புள்ள கொஞ்சல்?" வீட்டுக்குள்ளிருந்தே கேட்டான் அவள் புருஷன் நடராசன்.

"பொழுது போவணும்லங்க."

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. ஜெயிலிலிருந்து வந்த மூன்று மாதமாக அவன் எதையுமே மேற்கொண்டு கேட்பதில்லை. குன்னம் கடைத்தெருவுக்குக்கூடப் போவதில்லை.

எல்லாம் பக்கத்துக் காட்டுக்காரன் மணிமாறன் செய்த வேலை. மக்காச்சோளத்தை மயில் தின்கிறதென்று அவன்தான் விஷம் கலந்த தானியத்தை இறைத்தான். தின்ற மயில்களில் நான்கு, தள்ளாடிப் பறந்துவந்து நடராசன் காட்டில் விழுந்து செத்தன. மணிமாறன் முந்திக்கொண்டு வனத்துறைக்குப் போன் போட்டான். "நடராசன்தான் சார் விஷம் வெச்சான். நானே பாத்தேன்."

ஊரே வேடிக்கை பார்க்க நடராசனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

அன்றைக்குச் சோற்றுத் தூக்கோடு வனத்துறை ஆபீஸ் வாசலில் காத்திருந்தபோதுதான் பூங்காவனம் அந்தப் போர்டைப் பார்த்தாள். பிடித்தாலும் வளர்த்தாலும் ஜெயில் என்று எழுதி, வரிசையாகப் படம் போட்டிருந்தார்கள். மயில், உடும்பு, அதற்கடுத்துப் பச்சோந்தி.

மணிமாறனும் அதே ஜீப்பில் ஏற வேண்டும். அதே ஊர் பார்க்க ஏற வேண்டும். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள்.

ஆனால் புதரில் பிடித்ததை அப்படியே கொண்டுபோய் அவன் வீட்டில் வைத்தால், முட்டி மோதிக்கொண்டு பட்டினி கிடக்கும். வளர்த்தது இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஆள் வாடைக்குப் பழகியதாக இருக்க வேண்டும். அதனால் பொறுமையாகப் பழக்கினாள்.

முதல் வாரம் அவளைக் கண்டாலே அது உடம்பை உப்பிக்கொண்டு, கரும்புள்ளி விழுந்து, வாயைப் பிளந்து சீறியது. மேலேயிருந்து கை வந்தால் பருந்து என்று நினைத்துப் பயப்படுகிறது என்பது போகப்போகத்தான் அவளுக்குப் பிடிபட்டது. பிறகு கையைக் கீழேயிருந்து, கிளை மாதிரி நீட்டினாள். பிடிக்கப் போகவில்லை. விரலை மடக்கக்கூட இல்லை. இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, அது நக்கிக் குடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

இருபதாம் நாள், ஈர நாக்கு சடக்கென்று நீண்டு அவள் உள்ளங்கை வெட்டுக்கிளியை இழுத்துக்கொண்டது. முப்பத்தைந்தாம் நாள், ஒரு கால் முன்னும் பின்னும் ஆடி ஆடி யோசித்து, அவள் மணிக்கட்டைப் பற்றியது. அப்படியே தோள்வரை ஏறிவந்து, தளிர் வெற்றிலை நிறத்தில் கண் மூடியது.

பூங்காவனத்தின் கன்னம் தானாக அதன் பக்கம் சாய்ந்தது. உடனே தன்னையே அதட்டுவதுபோல அதனிடம் சொன்னாள்: "நீ ஒண்ணும் எனக்குப் புள்ள இல்ல. சாட்சி."

அடுத்த முகூர்த்தத்தில் மணிமாறன் வீட்டார் செந்துறைக்குக் கல்யாணத்துக்குப் போனார்கள். நட்டநடுப் பகலில் பூங்காவனம் அவன் மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்து, மூலையில் கிடந்த பழைய கிளிக்கூண்டில் பச்சோந்தியை விட்டாள். அது அவள் விரலை விடவில்லை. ஒவ்வொரு காலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. நாலு வெட்டுக்கிளியைப் போட்டு, கூண்டைச் சாக்கால் மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

பேர் சொல்லாமல் வனத்துறைக்குப் போன் போட்டாள். மறுநாள் காலையில் ஜீப் வந்தது.

"சத்தியமா எனக்குத் தெரியாது சார்! எவனோ கொண்டாந்து வெச்சிருக்கான் சார்!" மணிமாறன் அழுதான். அவன் பெண்டாட்டி வனவரின் காலில் விழுந்தாள். ஊர் கூடிவிட்டது. பூங்காவனம் கூட்டத்தின் முன்வரிசையில் நின்று, கண் இமைக்காமல் பார்த்தாள். நடராசனை ஏற்றிக்கொண்டு போன நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

"ஏறுய்யா ஜீப்புல" என்றார் வனவர். மணிமாறன் ஒரு காலைத் தூக்கி வைத்தான்.

வனக்காவலர் பச்சோந்தியைப் பெட்டிக்கு மாற்ற, கூண்டுக்குள் குச்சியை விட்டுக் குத்தினார். அது கன்னங்கரேலென்று கறுத்துச் சீறியது. வால் கம்பியில் சுற்றிக்கொண்டது. அவர் எரிச்சலோடு சாக்கை எடுத்து, மேலேயிருந்து அமுக்கி, வாலோடு பிடித்து இழுத்தார். அதன் வாய் திறந்தபடியே நின்றது. சத்தம் வரவில்லை.

"மேலேந்து புடிக்காதீங்க சார்! செத்துரும்!"

கத்தியது தான்தான் என்று பூங்காவனத்துக்கே அப்புறம்தான் தெரிந்தது. அதற்குள் கால் கூண்டுவரை போய்விட்டது. சாக்கை விலக்கி, கையைக் கீழேயிருந்து மெல்ல நீட்டினாள்.

ஒரு கண் அவள் பக்கம் திரும்பியது. ஆடி ஆடி ஒரு கால். அப்புறம் இன்னொரு கால். மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறி, கழுத்தோரம் ஒண்டிக்கொண்டது. கறுப்பு கரைந்து, கூட்டத்தின் கண்ணெதிரே தளிர்ப்பச்சை ஆனது.

மணிமாறன் ஜீப்பிலிருந்து காலை மெதுவாகக் கீழே இறக்கினான்.

வனவர் அவள் அருகில் வந்தார். தோளில் கண் மூடிக் கிடந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார்:

"எத்தனை நாளா வளக்குறீங்கம்மா?"