அவள் கழுத்து மணிகள்

“ஊர் எல்லையைக்கூடத் தாண்டாதவ. அவ கழுத்துல கடல் கடந்து வந்த மணி எப்படிங்க?” என்றாள் மனைவி.

“எவனோ கப்பல்காரன் ஆசையாக் குடுத்திருப்பான். நாளைக்கு ஊருக்கே சொல்லப்போறேன்,” என்று கண்ணடித்தார் கணவர்.

“வாயைக் கழுவுங்க! பொம்பளை கழுத்துல நல்லது கிடந்தா, எவனாவது குடுத்ததுதானா? அவ வந்து எதிர்த்துப் பேசமாட்டாங்கற தைரியம் உங்களுக்கு!”

கோபத்தோடு அகழாய்வுக் குழிக்குள் குனிந்து, உள்ளூரிலேயே வாழ்ந்தவள் என்று பல் சோதனை காட்டியிருந்த எலும்புக்கூட்டின் விரல்களிலிருந்த மண்ணைத் தூரிகையால் தட்டினாள். இரண்டாயிரம் ஆண்டுகளாக மூடியிருந்த கைக்குள் சின்னச் சின்ன எடைக்கற்கள்!

“அட, வியாபாரியா இவ?”

“பின்னே? மணியெல்லாம் அவ கடைச் சரக்கு. உயிரோட இருந்தா, இந்நேரம் உங்க தலையில நாலு மாலையைக் கட்டியிருப்பா. முதல்ல மன்னிப்புக் கேளுங்க.”

தொல்லியல் பேராசிரியரான கணவர் தொப்பியைக் கழற்றினார்.

“மன்னிச்சிடுங்கம்மா.”