யூஸ்டு

அமெரிக்காவின் டுலூத் நகர அலுவலகச் சன்னலில் பனியின் வெளிச்சம். கீழே பனி தள்ளும் வண்டி உறுமுகிறது. வெள்ளைப் பலகைமுன் மார்க்கரோடு நிற்கிறாள் கிரெட்டா. பலகையிலுள்ள நெட்வொர்க் வரைபடத்தில், பயன்பாட்டில் இருக்கும் கேபிள்களுக்கு ‘யூஸ்டு’ என்று அடையாளப் பெயர் வைத்தவள் அவள்தான். யூஸ்டு கார் மாதிரி ஓய்ந்துபோனது என்று நினைத்து, காலையில் ஒன்றைப் பிடுங்கிவிட்டவன் சக ஊழியன் வெர்ன். ஓர் ஆஸ்பத்திரியின் தொலைபேசிகள் மதியம்வரை ஊமையாகிக் கிடந்தன. அவன் காபியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறான்.

“நாந்தான் தப்பாப் படிச்சேன், கிரெட்டா.”

“தப்பாப் படிக்கிற மாதிரி பேரு வெச்சது யாரு? சும்மா இருப்பா.”

உள்ளங்கையாலேயே அந்தச் சொல்லைத் துடைத்துவிட்டு, ‘இப்போது பயன்பாட்டில்’ என்று எழுதுகிறாள்.

“எங்க, இதையும் தப்பாப் படி பாப்போம்.”

வெர்ன் கண்ணைச் சுருக்கி, உதடசைத்து, மெய்யாகவே முயல்கிறான்.

“முடியலையே” என்கிறான், ஆறிப்போன காபியை எடுத்துக் குடிக்கிறான்.